காலியாக விட்ட கட்டம்

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், பாட்டில் மூடி செய்யும் பட்டறை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே இயந்திரம் ஓடத் தொடங்கினால் மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளரில் சின்னச் சின்ன வட்டங்கள் எழும். முதலாளியையும் சேர்த்து நாங்கள் ஆறு பேர். மருந்துக் கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடத்தில் மதாம் எங்களைத் தேடி வந்தார்.

அவர் ஓய்வுபெற்ற நர்ஸ். அவருடைய தெருவில் எல்லோரும் மதாம் என்று கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பணியில் இருந்த வருடங்களில், யாரும் தேடி வராமல் பிணவறையில் கிடந்த உடல்களைப் பார்த்துப் பார்த்து, ஓய்வுக்குப் பிறகு நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஓர் அறக்கட்டளை தொடங்கியிருந்தார். அடையாளம் தெரியாமல் இறந்தவர்களின் விவரங்களை ஆஸ்பத்திரிகளிலும் காவல் நிலையங்களிலும் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் எழுதுவார்கள். குறிப்பிட்ட நாள்வரை காத்திருந்து, யாரும் வராவிட்டால் முறைப்படி அனுமதி வாங்கி அவர்களே அடக்கம் செய்வார்கள். அந்த நோட்டை இணையத்தில் போட வேண்டும், காணாமல் போனவரைத் தேடும் குடும்பம் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்பது மதாமின் ஆசை.

அந்தத் தளத்தை நான்தான் எழுதினேன். தேடுகிறவர்கள் நிரப்புவதற்கு ஒரு படிவம். ஆணா பெண்ணா, வயது, உயரம், பச்சை குத்தியது, தழும்பு, மச்சம், கடைசியாகப் பார்த்தபோது போட்டிருந்த உடை. எல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்காது என்பதால் படிவத்தின் மேலேயே ஒரு வரி போட்டேன்: 'தெரியாத விவரத்தைக் காலியாக விடலாம்.' புகைப்படங்களை மட்டும் தளத்தில் போட மதாம் சம்மதிக்கவில்லை. "மொகத்த நான் பக்கத்துல இருந்துதான் காட்டுவேன். தனியா யாரும் பாக்கக் கூடாது" என்றார்.

தளம் ஓடத் தொடங்கி நாலைந்து மாதம் கழித்து மதாம் மறுபடி வந்தார். மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் பேச ஆரம்பித்தார்.

"ஒரு அம்மா தெனம் எங்க ஆபீசுக்கு வந்து ஒக்காந்து அதையே அடிக்குது. அதே வயசு, அதே மச்சம், அதே சட்ட. தெனம் அந்த மச்சத்தப் பத்தி அடிக்குது. என்னால பாக்க முடியல. ஒரு தடவ சொன்னா போதும்னு வையி. மிஷின் ஞாபகம் வச்சிக்கட்டும்."

அப்படித்தான் தேடலைச் சேமிக்கும் வசதி வந்தது. ஒருவர் ஒருமுறை படிவத்தை நிரப்பிச் சேமித்துவிட்டால் அது அட்டவணையில் ஒரு வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். வாரம் ஒருமுறை நிரல் தானாக ஓடி, சேமித்த ஒவ்வொரு வரிசையையும் எடுத்து, மதாமின் பதிவுகளோடு பொருத்திப் பார்த்து, அவரவர் செல்போனுக்கு ஒரு செய்தி அனுப்பும். பொருந்தினால், அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும் என்று. பொருந்தாவிட்டால், 'உங்கள் தேடலுக்குப் பொருந்தும் பதிவு இல்லை' என்று.

இல்லை என்பதை எதற்காக வேலை மெனக்கெட்டு அனுப்ப வேண்டும் என்று முதலாளி கேட்டார். மதாம் பிடிவாதமாக இருந்தார். "அனுப்பு. காத்துக்கிட்டு இருக்கறவங்களுக்கு ஏதோ ஒரு பதில் வரணும்."

கிழமையை நான் தேர்ந்தெடுத்தேன். வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டரை. எங்கள் வீட்டில் அத்தாவும் அண்ணன்களும் தொழுகைக்குக் கிளம்பிப் போய்விட்டால் வீடு ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் கிடக்கும். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடித்த நேரம் அது. வேறு காரணம் எதுவும் இல்லை.

சோதனைக்காகப் பத்துப் பேரைக் கற்பனை செய்தேன். ஐம்பது வயதுக் கிழவர், வளையல் போட்ட பெண், கால் ஊனமான வாலிபன். ஒவ்வொருவருக்கும் எல்லாக் கட்டங்களையும் கவனமாக நிரப்பினேன். பத்துப் பேரையும் நிரல் சரியாகக் கண்டுபிடித்தது. முதலாளி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போட்டுவிடு என்றார். போட்டுவிட்டேன்.

*

அதற்குப் பிறகு, வேலை நிமித்தமாக அந்த அட்டவணையை நான் அடிக்கடி திறக்க வேண்டியிருந்தது. வரிசைகள் கூடிக்கொண்டே போயின. மச்சம், தழும்பு என்ற கட்டத்தில் ஜனங்கள் நான் எதிர்பார்த்த மாதிரி எழுதவில்லை. 'சிரிச்சா இடது பக்கம் உடைஞ்ச பல் தெரியும்.' 'கூப்பிட்டா திரும்ப மாட்டான், காது கேக்காது.' 'தூங்கும்போது கைய தலைக்கு மேல வச்சிப்பார்.' பொருத்திப் பார்க்க உதவாத வரிகள். நான் எதையும் திருத்தவில்லை.

ஆனால் அவை என்னை விடவும் இல்லை. ஒருநாள் முதலியார்பேட்டைக்கு அக்கா வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் ஆள். வலது காது மடலில் பாதி இல்லை. அப்படி ஒரு வரிசை இருந்தது: வயது ஐம்பத்திரண்டு, வலது காது மடல் பாதி, சேமித்தது மகன். நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. அவர் இறங்கிய நிறுத்தத்தில் இறங்கி, மார்க்கெட் தெரு முழுக்கப் பின்னாலேயே போனேன். வெற்றிலைக் கடை வாசலில் அவர் திரும்பினார்.

"இன்னாம்மா வோணும்?"

என்ன கேட்பது? உங்களை யாராவது தேடுகிறார்களா என்றா? "ஒண்ணுமில்லைங்க, வேற ஒருத்தருன்னு நெனச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்கா ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். பஸ் லேட்டு என்றேன். அதிலிருந்து கூட்டமான இடத்துக்குப் போனால் முகங்களைப் பார்க்காமல் கை, காது, கழுத்து என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. கடற்கரைச் சாலையில் சாயங்காலம் நடக்கிறவர்கள் எல்லோரும் யாரோ சேமித்து வைத்த வரிசைகளாகத் தெரிந்தார்கள்.

தளத்தில் போட்டிருந்த உதவி எண் என் மேசையில்தான் அடிக்கும். அந்த வசதி வந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை முற்பகலில் ஒரு பெண் கூப்பிட்டாள். பின்னால் காற்றுச் சத்தம்.

"ஆளத் தேடுற ஆபீசுங்களா?"

"ஆமாங்க. சொல்லுங்க."

"வயச மாத்தணும்மா. எம்பொண்ணு பாத்துச்சு, மாத்துறதுக்கு அதுல எடமே இல்லன்னுது."

உண்மைதான். சேமிக்க மட்டும் எழுதியிருந்தேன். சேமித்ததைத் திருத்த வழி வைக்கவில்லை. ஊர் எது, எந்த எண்ணில் பதிவு செய்தீர்கள் என்று கேட்டேன். கனகசெட்டிக்குளம். மீன் விற்கிறவள். வீட்டுக்காரர் படகில் வேலை செய்தவர். நாலு வருடத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு வாக்குவாதம், மேற்குக் கடற்கரைப் படகுகளுக்கு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர், ஒரு மாதம் போனில் பேசினார். அதற்குப் பிறகு அந்த எண்ணும் இல்லை, அவரும் இல்லை.

"போனப்ப முப்பத்தாறு. இப்ப நாப்பது ஆயிடுச்சு. நீங்க இன்னும் முப்பத்தாறுலயே வச்சிருக்கீங்க."

"பரவாயில்லக்கா. நாங்க அஞ்சு வயசு முன்ன பின்ன சேத்துத்தான் தேடுவோம். மாத்தலன்னாலும் வரும்."

 காற்றுதான் கேட்டது.

"செத்தவங்களுக்குத்தாம்மா வயசு நிக்கும்" என்றாள். "அவருக்கு ஏன் நிக்க வக்கிறீங்க?"

எனக்கு முகம் சூடானது. இருங்க, நானே மாத்திடுறேன் என்று சொல்லி அவளுடைய வரிசையைத் தேடி எடுத்தேன். முப்பத்தாறை அழித்து நாற்பது என்று போட்டேன். பக்கத்துக் கட்டத்தில் கண் போனது. உயரம்: 0.

"அக்கா, ஒசரம் எதுவும் போடலயா?"

"ஒசரமா? யாரும்மா அளந்து பாத்தா?" முதல்தடவையாக அவள் குரலில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "என் தல அவரு காதுக்கு வரும். அத எப்பிடிப் போடுறது? தெரியலன்னா வுட்டுடலாம்னு போட்டிருந்திச்சாம். எம்பொண்ணு வுட்டுட்டுது."

சரிக்கா, வயசு மாத்திட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலியாக விட்ட கட்டம் காலியாக இருக்க வேண்டும். அதில் பூஜ்யம் எப்படி வந்தது? எண் போடும் கட்டம் காலியாக வந்தால், சேமிக்கும் நேரத்தில் அங்கே பூஜ்யம் போய் உட்காரும்படி நான் எழுதியிருந்தேன். யோசித்து எழுதியது அல்ல. கை பழக்கத்தில் எழுதியது. நேரடியாகத் தேடும்போது காலிக் கட்டத்தை நிரல் பொருட்படுத்தாது. அது சரியாகவே ஓடியது. சேமித்த தேடலை எடுத்து ஓட்டும்போது மட்டும், பூஜ்யத்தை ஓர் உயரம் என்று நினைத்துக்கொண்டு, பூஜ்யம் சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரை இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்தது. அப்படி ஒருவர் எந்தப் பிணவறைக்கும் வரப்போவதில்லை. உயரம் தெரியாத எல்லோருக்கும், எவ்வளவு காலம் ஆனாலும், இல்லை என்ற ஒரே பதில்தான் போயிருக்கும்.

நான் கற்பனை செய்த பத்துப் பேருக்கும் உயரம் இருந்தது. இல்லை என்று செய்தி வந்தால் யாரும் கூப்பிட்டுப் புகார் சொல்வதும் இல்லை.

அவளுடைய விவரங்களையே சாதாரணத் தேடல் பக்கத்தில் ஒவ்வொன்றாக அடித்தேன். ஆண். நாற்பது. உயரத்தைக் காலியாக விட்டேன். வலது முன்கையில் மீன் பச்சை, கீழே இரண்டு எழுத்து. இடது கட்டைவிரல் நகம் இல்லை. தேடு என்பதை அழுத்தினேன்.

ஒரு பதிவு வந்தது.

ஏழு மாதத்துக்கு முந்தைய பதிவு. கடலூர்ப் பக்கம் ஒரு பேருந்து நிலையத்தில் நினைவில்லாமல் கிடந்தவர். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், நினைவு திரும்பாமலே இறந்தார். வயது சுமார் நாற்பது. வலது முன்கையில் மீன் உருவம், கீழே எழுத்து. இடது கட்டைவிரல் நகம் இல்லை. மதாமின் ஆட்கள் அதைத் தளத்தில் ஏற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை. உடல் அடக்கமானது அதற்குப் பதினைந்து நாள் கழித்து. காலண்டரை எடுத்து நடுவில் இருந்த வெள்ளிக்கிழமைகளை எண்ணினேன். இரண்டு. அந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் பன்னிரண்டரைக்கு எங்கள் இயந்திரத்திலிருந்து அவள் செல்போனுக்குச் செய்தி போயிருக்கிறது, போய்ச் சேர்ந்தும் இருக்கிறது. இல்லை. இல்லை.

*

முதலாளியிடம் சொன்னேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார்.

"மொதல்ல அத சரி பண்ணு. வர்ற வெள்ளிக்கெழம தானா மெசேஜ் போயிடும். நாம எதுக்குத் தனியா சொல்லிக்கிட்டு?"

"மெசேஜ் வர்ற நேரத்துல அவங்க மார்க்கெட்ல மீன் வெட்டிக்கிட்டு இருப்பாங்க சார். அங்கயா தெரியணும்?"

என் மேசைக்குத் திரும்பினேன். இருபது நிமிடத்தில் நிரலைச் சரிசெய்தேன். மொத்தமாக நாலு வரி. பிறகு சேமித்த தேடல்கள் எல்லாவற்றையும் செய்தி போகாதபடி நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட வரிசைகளில் எங்கேயாவது ஒரு பூஜ்யம் இருந்தது. ஒன்பது பேருக்குப் பதிவு பொருந்தியது. அந்த ஒன்பதையும் தாளில் எடுத்துக்கொண்டு அன்று மதியமே ஸ்கூட்டரில் மதாம் வீட்டுக்குப் போனேன்.

அவர் சாப்பாட்டு மேசையில் மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தன பேரு?"

"ஒம்பது."

"அதுல எத்தன பேரு மண்ணுக்குப் போயிட்டாங்க?"

"எல்லாரும்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நெஞ்சில் சிலுவைக்குறி போட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஃபோன்ல சொல்ற விஷயம் இல்ல. ஒம்பது வூட்டுக்கும் நேர்ல போணும். நீயும் வா" என்றார்.

மறுநாள் பிற்பகல் முதலில் கனகசெட்டிக்குளம் போனோம். காலனி வீடு. அவள் வியாபாரம் முடித்து வந்து வாசல் குழாயடியில் அலுமினியக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, தலையில் கதம்பம். மதாமை அவளுக்குத் தெரியும். பார்த்ததும் எழுந்து நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மதாமைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"நீதான் ஃபோன்ல பேசுனியா? வயச மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்க்கா."

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அன்று பள்ளிக்குப் போகவில்லை, சுவர் ஓரமாக நின்றாள். மதாம் தாயைப் பக்கத்தில் உட்காரவைத்து, தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு, உறையிலிருந்து புகைப்படத்தை எடுத்தார். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. அடுத்த வீட்டில் மிக்சி ஓடி நின்றது.

"எளச்சிட்டாரு" என்றாள்.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்த உடனே வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பு இருந்த பக்கம் போய்விட்டாள்.

"தாடி வுட்டிருக்காரு. தாடின்னாலே புடிக்காது அவருக்கு. அரிக்கும்பாரு." புகைப்படத்தில் இருந்த தாடியை விரலால் தொட்டாள். "இது எப்பம்மா?"

மதாம் மாதத்தையும் நாளையும் சொன்னார். பேருந்து நிலையத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்ததைச் சொன்னார். வலி தெரிந்திருக்காது என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, செல்போனை எடுத்து அந்த மாதத்துச் செய்தியைப் பார்க்கச் சொன்னாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலால் மேலே மேலே தள்ளினாள். ஒன்றையும் அழிக்கவில்லை. ஒரு வருடத்து வெள்ளிக்கிழமைகள் வரிசையாக ஓடின, எல்லாம் ஒரே வாக்கியம்.

"அந்த வாரம் இல்லன்னுதான வந்திருக்குது?" என்று அவள் மதாமைக் கேட்டாள்.

வழி முழுக்க நான் சொல்லிப் பார்த்து வந்தது எதுவும் ஞாபகம் வரவில்லை.

"தப்பு என்னுதுக்கா. நான் எழுதுன ப்ரோகிராம்ல தப்பு. இருக்குதுன்னு வந்திருக்கணும். வரல."

அவள் சத்தம் போடவில்லை. அதைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறவள் மாதிரி என் முகத்தையே பார்த்தாள்.

"இல்லன்னு வந்தா எனக்கு சந்தோசம்மா. எங்கியோ உசுரோட இருக்காருன்னு அர்த்தம். வெள்ளிக்கெழம மெசேஜப் பாத்துட்டுத்தான் அந்த வாரம் முழுக்கப் பூ வாங்குவேன்." தலையிலிருந்த கதம்பத்தைத் தொட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. "ஏழு மாசமா வாங்கியிருக்கேன்."

அதற்குள் விஷயம் தெரிந்து அவளுடைய அண்ணன் ஓடி வந்தார். யாரைக் கேட்டுப் புதைத்தீர்கள் என்று வாசலிலேயே கத்தினார். மதாம் எழுந்து போய் அவரிடம் மெதுவாகப் பேசினார். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மகள் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். எனக்கு எதற்கு என்று இருந்தது. குடித்தேன்.

*

பத்து நாள் கழித்து, அடக்கம் செய்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் மதாமிடம் கேட்டிருக்கிறாள். வேன் பிடித்துப் போனோம். அவள், மகள், அண்ணன், மதாம், நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. வரட்டுமா என்று மதாமைக் கேட்டேன், வா என்றார். வண்டியில் அண்ணன் என்னோடு பேசவில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இப்போது நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது.

ஊருக்கு வெளியே இருந்த பொது இடுகாடு அது. சீமைக் கருவேலம் வெட்டி ஒதுக்கிய ஒரு மூலையில் மதாமின் அறக்கட்டளை அடக்கம் செய்த மேடுகள். ஒவ்வொன்றிலும் இரும்புக் கம்பியில் தகரத் துண்டு, அதில் எண். குழி வெட்டுகிறவர் முன்னால் போய் ஓர் எண்ணைக் காட்டினார். அவள் அங்கே உட்கார்ந்தாள். மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினாள். கொண்டு வந்திருந்த பாலை ஊற்றினாள், ஒரு கட்டு பீடியைப் பிரித்து வைத்தாள். அழுதாள். மகளும் அழுதாள். மதாம் சற்றுத் தள்ளி நின்று வாய்க்குள் ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அழுகை ஓய்ந்த பிறகு அவள் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கு ஃபோன்ல ஒசரம் கேட்டியே. அத நான் போட்டிருந்தா அப்பவே வந்திருக்குமா?"

மகள் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மையான பதில் ஒரே சொல். வந்திருக்கும். உயரத்தையும் கொஞ்சம் முன்ன பின்ன சேர்த்துத்தான் தேடும்; தோராயமாக ஐந்தரை அடிக்கு ஓர் எண்ணைப் போட்டிருந்தால்கூடப் போதும், அந்த முதல் வெள்ளிக்கிழமையே செய்தி வந்திருக்கும். பிணவறைக்கு வந்து முகத்தைப் பார்த்திருப்பாள். அவரை ஊருக்குக் கொண்டு போயிருப்பாள்.

"இல்லக்கா" என்றேன். "எது போட்டிருந்தாலும் வந்திருக்காது. தப்பு எங்க பக்கம்."

அவள் என் கையைப் பிடித்தாள். ஆறுதலுக்கா, எழுந்திருக்க ஊன்றிக்கொள்ளவா என்று தெரியவில்லை. பிடித்துக்கொண்டே எழுந்தாள். திரும்பும்போது வண்டியில் தூங்கிவிட்டாள். ஏதோ ஓர் ஊரில் அண்ணன் வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் டீ வாங்கினார், எனக்கும் சேர்த்து.

மற்ற எட்டு வீடுகளுக்கும் போனோம். ஐந்து வீட்டில் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு இவர் இல்லை என்றார்கள். அதில் ஒரு வீட்டில் சந்தோஷத்தில் எங்களைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். மூன்று வீட்டில் ஆமாம் என்றார்கள். அதைப் பற்றி எழுத இன்னும் என்னால் முடியவில்லை.

வேலையை விடவில்லை. முதலாளி விடச் சொல்லவும் இல்லை. சேமித்ததைத் திருத்தும் வழியை எழுதினேன். வருடம் திரும்பும்போது வயதை மாற்ற வேண்டுமா என்று தளமே கேட்கும்படி வைத்தேன். இல்லை என்ற செய்தியை அடியோடு நிறுத்தினேன். இனி ஒருவருக்கும் அந்தச் சொல்லை நான் அனுப்பக் கூடாது என்று இருந்தது. மூன்றாவது வாரமே போன் அடிக்கத் தொடங்கியது. வெள்ளிக்கெழம மெசேஜ் ஏன் வரல, எங்க பேர எடுத்துட்டீங்களா, தேடுறத வுட்டுட்டீங்களா. ஒரு பெரியவர் நெய்வேலியிலிருந்து பஸ் ஏறி மதாம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மறுபடி போட்டோம்.

கனகசெட்டிக்குளத்து வரிசையை எடுத்துவிடலாமா என்று மதாம் அவளிடம் கேட்டார். இருக்கட்டும் என்றாளாம். காரணம் சொல்லவில்லை. அவருடைய பதிவை அடையாளம் கண்டது என்று குறித்தாகிவிட்டது. அது இனி எந்தத் தேடலிலும் வராது. ஆகவே வெள்ளிதோறும் பன்னிரண்டரைக்கு அவளுக்கும் போகிறது, பொருந்தும் பதிவு இல்லை என்று. மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தால், ஆண்கள் தொழுகைக்குப் போன பிறகு வரும் அந்த அமைதி இப்போது எனக்குப் பிடிப்பதில்லை. டி.வி.யைப் போட்டுவிடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் அந்த மகள் என்னைக் கூப்பிட்டாள். கல்லூரியில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்து இரண்டாம் வருடம் என்றாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள் போல, ஹாரன் சத்தமாகக் கேட்டது. நலம் விசாரித்தாள். அம்மா நல்லா இருக்குது என்றாள். பிறகு, எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னாள்:

"அக்கா, எங்களுக்கு இப்ப டேட்டாபேஸ் பாடம் நடக்குது. காலியா வுடுறதுக்கும் பூஜ்யம் போடுறதுக்கும் இன்னா வித்தியாசம்னு நேத்து நடத்துனாங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒசரம் போட்டிருந்தா வந்திருக்கும் இல்ல?"

"வந்திருக்கும்" என்றேன்.

"தெரியும். நான்தான் காலியா வுட்டேன். அம்மா தலை அப்பா காதுக்கு வரும்னு அம்மா சொல்லுச்சு. அம்மாவ செவுத்துல நிக்க வச்சி அளந்திருந்தா போட்டிருக்கலாம். டேப்பு வூட்டுலயே இருந்திச்சி. சோம்பலா இருந்திச்சின்னு வுட்டுட்டேன்."

"காலியா வுடலாம்னு எழுதுனது நான். நீ இல்ல."

"ம்" என்றாள். "அம்மாகிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்களும் சொல்லிடாதீங்க."

சரி என்றேன். அவளுடைய பஸ் வந்துவிட்டது. ஏறுகிற சத்தமும் கண்டக்டர் விசிலும் கேட்டன. டிக்கெட் வாங்கி, இடம் பிடித்து உட்காரும்வரை இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. பேசவும் இல்லை.